எஸ்தரின் வயலும் எங்கள் ஊர்ப் பணிவும்

நம் பூச்சி மேலாண்மைப் பிரிவிலிருந்து அடுத்த மழைப் பருவத்துக்குச் சிலர் தன்னார்வலர்களாக ஆப்பிரிக்கா போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். என்ன மருந்து, எந்தப் பொறி, எவ்வளவு அளவு என்றெல்லாம் சொல்லிக் கொடுக்க உங்களுக்கு ஆள் இருக்கிறார்கள். அதையே நானும் சொன்னால், ‘இந்தம்மா ரிட்டயர் ஆகியும் கிளாஸ் எடுக்கறத விடலியே’ என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பீர்கள். அதனால் அதை விட்டுவிடுகிறேன். நான் சொல்லப்போவது மலாவி நாட்டில் ஒரு மாமரத்தடியில் நான் பேசிய ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றி. அந்த வாக்கியத்தால் ஒரு பெண்ணின் வயல் அவள் கையை விட்டுப் போனது.

என்னைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. நம் நூல் மில்லின் இயற்கைப் பருத்திப் பிரிவில் களப்பணியாளராகச் சேர்ந்து, கள மேலாளராக ஓய்வு பெற்றவள் நான். வீடு திருப்பூர் வேலம்பாளையத்தில், வேலையெல்லாம் வெள்ளகோவில் பக்கம். காலையில் பனியன் கம்பெனி வேன்கள் ஊருக்குள் வரும்போது என் ஸ்கூட்டர் ஊரைவிட்டு வெளியே போகும். ஊரே துணியைப் பார்க்க ஓடுகிறது, நீ மட்டும் புழுவைப் பார்க்க ஓடுகிறாய் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவர் கேலியில் பாதி பொறாமை. அவருக்கு நாள் முழுக்க துணிக்குச் சாயம் போடும் டையிங் யூனிட்டின் ஆவியில் நிற்கிற வேலை.

வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நடந்த ஒன்றை முதலில் சொன்னால்தான் பின்னால் நான் செய்தது புரியும். ஒரு வருடம் நாங்கள் சொன்ன முறையை நம்பி மருந்தே அடிக்காமல் பருத்தி வைத்திருந்த ஒரு விவசாயிக்குக் காய்ப்புழு விழுந்துவிட்டது. நான் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் வரப்பிலிருந்தே சத்தம் போட ஆரம்பித்துவிட்டார். என் வாய் தானாகப் பேசியது.

“தப்பு எங்க மேலதானுங்ணா. ஏதாச்சும் குத்தங்கொறை இருந்தா மனசுல வெச்சுக்காதீங்க.”

அவர் குரல் அப்படியே இறங்கிவிட்டது. “அட, உங்க மேல என்னங்க அம்மிணி தப்பு? மழை அப்பிடிப் பேஞ்சு கெடுத்துப்போட்டுது. வெயில்ல நிக்காதீங்க. வாங்க, மோரு குடிச்சுப்போட்டுப் போயிப் பாக்கலாம்” என்றார். மோர் குடித்தோம், பருத்திக் காட்டைச் சுற்றினோம், ஆக வேண்டியதைப் பேசினோம். தப்பு எங்கள் முறையிலா, மழையிலா என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. யாரும் அதை நிறுத்துப் பார்க்கவும் இல்லை.

இது நமக்கெல்லாம் ரத்தத்தில் ஊறிய பழக்கம். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டு வருகிறவரிடம் பெண்ணைப் பெற்றவர் கை கூப்பி, குறை ஏதாவது இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்பார். அவர் உடனே, அதெல்லாம் ஒன்றுமில்லை, எல்லாம் நிறைவாக இருந்தது என்பார். ரசத்தில் உப்பே இல்லாவிட்டாலும் அதைத்தான் சொல்வார். எக்ஸ்போர்ட் ஆபீசில் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகள்கூட துணி வாங்குகிற வெளிநாட்டு பையருக்கு மெயில் எழுதும்போது முதல் வரியில் ‘சாரி’ போட்டுவிட்டுத்தான் என்ன விஷயம் என்றே ஆரம்பிக்கிறார்கள். ஒருவர் பொறுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும், மற்றவர் தப்பே இல்லை என்று சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அது முழுப் பேச்சு. இதில் இரண்டாவது பாதி எல்லா ஊரிலும் கிடையாது என்பது எனக்கு ஓய்வு பெறும்வரை தெரியாது.

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்ததும் வீட்டுக்காரரோடு தினம் ஒரு சண்டை. அந்த நேரத்தில்தான் ஒரு தொண்டு அமைப்பு ஓய்வுபெற்ற விவசாயத் துறை ஆட்களைத் தேடுவதாகச் சொன்னார்கள். சம்பளம் கிடையாது, டிக்கெட்டும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு. எழுதிப் போட்டேன், எடுத்துக்கொண்டார்கள். மலாவியில் மக்காச்சோளத்தைப் படைப்புழு தின்கிறது, சின்னச் சின்ன விவசாயிகள், மருந்து வாங்க வசதியில்லை, வாருங்கள் என்றார்கள். அந்தப் புழுவை எனக்கு நன்றாகவே தெரியும். நம் பக்கத்துச் சோளக்காடுகளுக்கு அது முதன்முதலாக வந்த வருடம், விவசாயிகள் குருத்தைப் பிரித்துப் பிரித்துக் காட்டியபோது என்னிடமும் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. பிறகு நாங்களும் அவர்களும் சேர்ந்தே கற்றுக்கொண்டோம். அதனால் தைரியமாகத்தான் கிளம்பினேன். ஒரு வித்தியாசம் மட்டும் இருந்தது. நம் ஊரில் மக்காச்சோளம் போனால் கோழித் தீவனத்துக்குப் போக வேண்டியது போகும். அங்கே அது போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

கிளம்புகிற வாரம் பக்கத்துத் தெரு ரஹீம் பாய் வந்தார். துணியில் படம் அச்சடிக்கும் பிரிண்டிங் யூனிட் வைத்திருப்பவர். எங்கள் ஊரில் எதற்கெடுத்தாலும் டி-ஷர்ட் பனியன் அடிப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பழனிக்குப் பாதயாத்திரை என்றால் ஒரு பனியன், ரத்ததானம் என்றால் ஒரு பனியன், கிரிக்கெட்டில் தோற்றுப் போகிற டீமுக்கும் ஒரு பனியன்.

“ஏனுங்க்கா, வெறுங்கையோடயா போவீங்க? திருப்பூர்க்காரின்னு எப்பிடித் தெரியும்?” என்றார் பாய்.

“புழு பாக்கப் போறவளுக்கு அதெல்லாம் எதுக்குங்க பாய்?”

“அந்தப் புழுவையே போட்டுத் தாரனுங்க. நெஞ்சு நெறையப் போட்டம்னா, படத்தப் பாத்தே சனங்க இன்ன புழுதான்னு கண்டுக்குவாங்க. நடமாடற போர்டுங்க்கா அது!”

எனக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. ஏதோ ஆர்டரில் மிஞ்சிய ஆரஞ்சுத் துணியில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய அடித்துக் கொடுத்தார். படைப்புழுவுக்குத் தலையில் ஆங்கில ‘ஒய்’ எழுத்தைத் தலைகீழாகப் போட்டது மாதிரி ஒரு கோடு இருக்கும். வாலருகே நான்கு புள்ளிகள் சதுரமாக இருக்கும். அதெல்லாம் ஒன்றுவிடாமல் வந்திருந்தது. பாய் நல்ல தொழில்காரர். தொட்டால் நெளியும் போல இருந்தது அந்தப் புழு.

மலாவியில் நான் இருந்த கிராமம் சிவப்பு மண் பூமி. வீட்டைச் சுற்றியும் வீட்டு வாசல்வரையும் மக்காச்சோளம்தான். அதன் வெள்ளை மாவைக் கிண்டிக் களி மாதிரி ஒன்று செய்கிறார்கள், தினமும் அதுதான் சாப்பாடு. களி தின்று வளர்ந்தவளுக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை. பெண்களை மரியாதையாக ‘அமாயி’ என்று கூப்பிடுகிறார்கள், அம்மா என்று அர்த்தமாம். நம் பக்கம் அம்மாயி என்றால் அம்மாவைப் பெற்ற பாட்டி. போனில் இதைச் சொன்னதும் வீட்டுக்காரர், “பேரன் பேத்தி எடுக்காமயே அம்மாயி ஆயிப்போட்டயா?” என்று அப்படிச் சிரித்தார்.

எனக்கு மொழிபெயர்ப்பாளராக வந்தவர் பிளெசிங்ஸ், அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர். நான் ஆங்கிலத்தில் பேசுவதை அவர்கள் மொழியில் சொல்வார், அவர்கள் பேசுவதை ஆங்கிலத்தில் எனக்குச் சொல்வார். ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். அவர் சொன்னதையெல்லாம் நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

முதல் கூட்டத்திலேயே தன் வயலை முன்மாதிரி வயலாக வைத்துக்கொள்ளச் சொல்லி முன்வந்தவள் எஸ்தர். கணவன் இறந்துவிட்டான், இரண்டு பிள்ளைகள். வயல் கணவன் குடும்பத்தினுடையது. பக்கத்து வயல் கணவனின் அண்ணன் ஜேம்ஸுடையது. பிள்ளைகள் பெரியவர்களாகும்வரை எஸ்தரே உழுது சாப்பிடட்டும் என்று ஊர்த் தலைவர் சொல்லி வைத்திருந்தார்.

“இந்த வயல் இருக்கிறதால்தான் நானும் பிள்ளைகளும் இந்த ஊரில் இருக்கிறோம் அமாயி. இது இல்லாவிட்டால் என் அண்ணன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே அவர்களுக்கே இடமில்லை” என்றாள். அதைச் சொல்லும்போதும் சிரித்தாள். எதைச் சொன்னாலும் சிரிப்பாள். எனக்கு அவளை முதல் நாளே பிடித்துப்போனது.

எஸ்தரையும் இன்னும் சில பெண்களையும் புழு பார்க்கும் குழுவாகச் சேர்த்தேன், ஆளுக்கு ஒரு பனியன் கொடுத்தேன். எஸ்தர் அதைத் துவைத்துத் துவைத்துத் தினமும் போட்டாள். தேவாலயத்துக்கும் அதையே போட்டுக்கொண்டு போனாள்.

“உங்கள் ஊரில் எல்லாரும் இதைத்தான் போடுவீர்களா?” என்று கேட்டாள்.

“நாங்கள் தைக்கிறோம். போடுவது வேறு நாட்டுக்காரர்கள்.”

“நாங்கள் புகையிலை போடுகிறோம். புகைப்பது வேறு நாட்டுக்காரர்கள்” என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள்.

குழுவின் வேலை எளிமையானது. விடிந்ததும் எல்லார் வயலுக்குள்ளும் போக வேண்டும். இலைக்கடியில் முட்டைக் குவியல் இருந்தால் விரலால் நசுக்க வேண்டும், குருத்தில் புழு இருந்தால் மணலும் சாம்பலும் போட வேண்டும், வயல்காரரிடம் சொல்ல வேண்டும். நெஞ்சில் புழுப் படத்தோடு ஒருத்தி வருவாள், குருத்தைப் பிரிப்பாள், உங்கள் வயலில் புழு இருக்கிறது என்பாள். தினமும் இதுதான் நடந்தது.

நம் ஊரில் செக்கிங் டேபிளில் நிற்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். துணியில் ஓட்டை இருந்தால் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டுவது அவர்கள் வேலை. ஆனால் சூப்பர்வைசர் சத்தம் போடுவது அவர்களைப் பார்த்துத்தான். டெய்லரும் அவர்களைத்தான் முறைப்பார். ஓட்டை போட்டவர் யார் என்று யாரும் தேடுவதில்லை. இதை வாழ்நாள் முழுக்கப் பார்த்த ஊரிலிருந்து போன எனக்கு, எஸ்தர் நிற்பதும் அதே இடத்தில்தான் என்று தோன்றவே இல்லை.

முதல் மழை நன்றாகப் பெய்தது. பிறகு மழை அடியோடு நின்றுவிட்டது. மழை விட்ட சமயத்தில்தான் படைப்புழு தலைவிரித்து ஆடும். ஜேம்ஸின் வயலில் அது கட்டுக்கடங்காமல் போனது. அவர் எங்கிருந்தோ மருந்து வாங்கிவந்து, பதற்றத்தில் உச்சி வெயிலில் அடித்தார். அந்த நேரத்தில் புழு குருத்துக்குள் ஆழத்தில் கிடக்கும், மருந்து அதைத் தொடாது. ஜேம்ஸ் வயல் கிழிந்த கந்தலாக நின்றது. ஒரு வரப்பு தள்ளி எஸ்தரின் வயல் பச்சையாக நின்றது. மற்ற வயல்களில் குழு அங்கங்கே சில செடிகளைத்தான் பார்க்க முடிந்தது, தன் வயலில் அவள் ஒவ்வொரு விடியலிலும் ஒவ்வொரு செடியையும் பிரித்துப் பார்த்தவள். அவள் உழைப்புதான் அந்தப் பச்சை. ஆனால் வரப்பில் நின்று இரண்டையும் பார்க்கிறவர் கண்ணுக்கு வேறு மாதிரி தெரிந்தது.

பேச்சு கிளம்பியது. ஆரஞ்சுச் சட்டைக்காரிகள் வந்துபோன வயலில் மறுநாள் புழு இருக்கிறது என்றார்கள். மருந்து அடிக்காத வயலில் புழு வளர்ந்து பக்கத்து வயலுக்கு வருகிறது என்றார்கள். ஒரு வீட்டில் எஸ்தரை வரப்பிலேயே நிறுத்தி, இன்றைக்கு உள்ளே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் பயந்துபோய், கொஞ்ச நாளைக்கு அந்தப் பனியனைப் போடாதீர்கள் என்றேன். மற்றப் பெண்கள் கழற்றி வைத்துவிட்டார்கள். எஸ்தர் மறுத்துவிட்டாள்.

“இப்போது கழற்றினால் நான் ஏதோ செய்துவிட்டேன் என்று ஆகிவிடும் அமாயி” என்றாள்.

அவளுக்கு எவ்வளவு தெளிவாகத் தெரிந்திருந்தது பாருங்கள். அந்தத் தெளிவில் கொஞ்சம் எனக்கு இருந்திருந்தால் போதும்.

ஊர்த் தலைவர் மாமரத்தடியில் கூட்டம் கூட்டினார். ஊர் முழுக்க வந்திருந்தது. ஆண்கள் நாற்காலிகளிலும் பெஞ்சுகளிலும், பெண்கள் பாயிலும் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குத் தலைவருக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டிருந்தார்கள். எஸ்தர் பாயில் முன்வரிசையில், அந்த ஆரஞ்சுப் பனியனோடு இருந்தாள்.

ஜேம்ஸ் எழுந்தார். சத்தமே போடவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு வேறு மாதிரி பேச வந்திருக்குமோ என்று இப்போது நினைக்கிறேன்.

“என் பிள்ளைகளுக்கு இந்த வருடம் சாப்பாடு இல்லை. நான் மருந்து அடித்தேன். என் தம்பி மனைவி அடிக்கவில்லை. அடிக்காத வயல் பக்கத்தில் இருந்தால் என் மருந்து என்ன செய்யும்? அவள் வயல் நிற்கிறது, என் வயல் போய்விட்டது. அந்தப் புழு எங்கிருந்து வந்தது என்று விருந்தாளி அம்மா சொல்லட்டும்” என்றார்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். “சொல்லுங்கள் அமாயி. நாங்கள் உங்களைக் கேட்டுத்தான் முடிவு செய்வோம்” என்றார்.

கேள்வி நேரானது. பதிலும் எனக்குத் தெரியும். அந்தப் புழுவின் தாய் அந்துப்பூச்சி காற்றோடு வெகு தூரம் பறந்து வருவது. எஸ்தர் வயலில் முட்டை பொரிக்கவே அவள் விடவில்லை. அதை எடுத்ததும் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என் எதிரில் எல்லாம் இழந்த ஒரு மனிதர் நிற்கிறார். நீங்கள் நினைப்பது தப்பு என்று அவர் முகத்துக்கு நேரே, ஊர் நடுவில், எடுத்த எடுப்பில் எப்படிச் சொல்வது? என் ஊர் வாய் தானாகத் திறந்தது. கை கூப்பிக்கொண்டு சொன்னேன்:

“எங்கள் பக்கம் ஏதாவது தப்பு நடந்திருந்தால் எங்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.”

பிளெசிங்ஸ் அதைச் சொன்னார். நான் நிறுத்தினேன். என் காது அந்த இரண்டாவது பாதிக்காகக் காத்திருந்தது. ‘அட, உங்கள் மேல் என்ன தப்பு அம்மா’ என்று ஜேம்ஸோ தலைவரோ யாராவது சொல்வார்கள், சூடு இறங்கும், அதன்பின் அந்துப்பூச்சியைப் பற்றி ஆற அமரப் பேசலாம் என்று நினைத்தேன்.

யாரும் சொல்லவில்லை. ஒரு மூச்சுவிடும் சத்தம் கூட்டம் முழுக்கப் பரவியது. ஜேம்ஸ் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். எஸ்தர் திரும்பி என்னைப் பார்த்தாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவள் முகத்தில் சிரிப்பில்லை.

எனக்கு ஏதோ புரிந்து, அவசர அவசரமாகப் பேசினேன். அந்துப்பூச்சி எப்படிப் பறக்கும், வறட்சியில் எப்படிப் பெருகும், வெயிலில் மருந்து ஏன் கேட்காது என்று மூச்சுவிடாமல் சொன்னேன். பிளெசிங்ஸ் எல்லாவற்றையும் சொன்னார். அவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். தப்பை ஒப்புக்கொண்ட பிறகு ஒருவர் சொல்கிற சமாதானத்தை நாம் எப்படிக் கேட்போமோ அப்படிக் கேட்டார்கள்.

தலைவர் முடிவு சொன்னார். விருந்தாளி வந்தது நல்லதற்குத்தான், தப்பு நடந்துவிட்டது, அவரே ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டுவிட்டார், இந்த ஊர் அவரை மன்னிக்கிறது. ஆனால் ஜேம்ஸின் பிள்ளைகள் சாப்பிட வேண்டும். ஆகவே எஸ்தரின் வயல், நிற்கிற பயிரோடு, இனி ஜேம்ஸுடையது. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை அவர். அவர் கையில் இருந்த உண்மையை வைத்து நியாயமாகத்தான் சொன்னார். அந்த உண்மையை அவர் கையில் கொடுத்தது நான்.

கூட்டம் கலைந்ததும் நான் பிளெசிங்ஸ் மேல் பாய்ந்தேன். “ஏன் அப்படி மொழிபெயர்த்தீர்கள்? நான் சொன்னது மரியாதைக்கு!”

“நீங்கள் ஆங்கிலத்தில் என்ன சொன்னீர்களோ அதைத்தான் சொன்னேன், மேடம். மரியாதைக்கு என்று நீங்கள் சொல்லவில்லையே” என்றார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அவரிடம் அப்படிப் பேசியதற்கும் இன்றுவரை வருத்தப்படுகிறேன்.

எஸ்தர் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். என்னிடம் கோபப்படவில்லை. ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலத்தான் கேட்டாள்.

“நான் என்ன தப்பு செய்தேன் அமாயி? நீங்கள் எதற்காக மன்னிப்புக் கேட்டீர்கள்?”

“நீ எதுவும் செய்யவில்லை எஸ்தர். எங்கள் ஊரில் அப்படித்தான் பேச்சை ஆரம்பிப்போம்.”

“செய்யாத தப்புக்கா?”

“ஆமாம்.”

“அப்படியானால் நிஜமாகத் தப்பு செய்தவர்கள் உங்கள் ஊரில் என்ன சொல்வார்கள்?” என்றாள். அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் விடிந்ததும் தலைவர் வீட்டுக்குப் போனேன். இந்தமுறை நேராகவே சொன்னேன். எஸ்தர் எந்தத் தப்பும் செய்யவில்லை, நானும் செய்யவில்லை, நேற்று நான் சொன்னது எங்கள் ஊர் வழக்கம், தயவுசெய்து முடிவை மாற்றுங்கள் என்றேன். அவர் நாற்காலி போட்டு உட்கார வைத்து, பொறுமையாகக் கேட்டார்.

“அமாயி, ஊர் முன்னால் நீங்கள் மன்னிப்புக் கேட்டீர்கள். ஊர் முன்னால் நாங்கள் மன்னித்தோம். இப்போது தப்பே இல்லை என்கிறீர்கள். அப்படியானால் நாங்கள் எதை மன்னித்தோம்? இதைச் சொன்னால் எஸ்தரைக் காப்பாற்ற நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்றுதான் ஊர் நினைக்கும். உங்களுக்கு அவள் மேல் பிரியம் என்று எங்களுக்குத் தெரியும். நேற்றே இதைச் சொல்லியிருந்தால் நான் ஜேம்ஸிடம் வேறு பேசியிருப்பேன்.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. நேற்றே சொல்லியிருந்தால் என்று அவரே சொல்லிவிட்டார். அவருக்கும் ஒரு நேரான வார்த்தைதான் தேவைப்பட்டிருக்கிறது. ஜேம்ஸுக்கு ஊர் பொதுவிலிருந்து தானியம் கொடுக்க அவர் நினைத்திருந்தாராம். தப்பு யாருடையது என்று தெரிந்துவிட்டதால் அது தேவைப்படவில்லை.

என் காலம் முடிந்து கிளம்பும் நாளில் வழியனுப்ப ஊரே வந்தது. ஜேம்ஸ் ஒரு கோழியைக் காலைக் கட்டிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை என்பதற்காம். வாங்கிக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. பிளெசிங்ஸ் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். எஸ்தர் வரவில்லை. நான் அவள் வீட்டுக்குப் போய் நின்றேன், கதவு சாத்தியிருந்தது. வேலைக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். வேறு யாருடைய வயலிலோ களை வெட்டக் கூலிக்குப் போயிருந்தாள்.

ஊருக்கு வந்ததும் ரஹீம் பாய் ஆசையாகக் கேட்டார், “புழுப் பனியன் எப்பிடிங்க்கா, சனங்களுக்குப் புடிச்சுதுங்களா?” என்று. “ரொம்பப் புடிச்சுதுங்க பாய்” என்றேன். அவரிடம் வேறு என்ன சொல்வது? மனிதர் நல்ல மனதோடு செய்தது.

இப்போது உங்களுக்கு. நாளைக்கு நீங்களும் ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு மரத்தடியில், நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள். உங்களை நம்பித் தன் வயலைக் கொடுத்தவர் கீழே பாயில் உட்கார்ந்திருப்பார். யாரோ ஒருவர் அவரைப் பார்த்துக் கை நீட்டுவார். அந்த நேரத்தில் உங்கள் வாயிலிருந்து வருகிற முதல் வாக்கியம் அவர் தப்பு செய்யவில்லை என்பதாக இருக்கட்டும். அதைச் சொன்னபின் எவ்வளவு வேண்டுமானாலும் பணிவாக இருங்கள். இழந்தவர் காலில் வேண்டுமானாலும் விழுங்கள். நாம் விருந்தாளி, நம் பணிவுக்கு நமக்கு எந்தச் செலவும் இல்லை, டிக்கெட் கையில் இருக்கிறது. ‘எங்கள் பக்கம்’ என்று நான் சொன்னேனே, அந்தப் பக்கத்தில் என்னோடு எஸ்தரும் இருந்தாள் என்பதை நான் யோசிக்கவே இல்லை. எனக்கு மன்னிப்புக் கிடைத்தது, அவளுக்குத் தண்டனை கிடைத்தது.

போன பருவத்தில் பிளெசிங்ஸிடமிருந்து செய்தி வந்தது. மறுபடி மழை விட்டுவிட்டதாம், புழு வந்துவிட்டதாம். விடியலில் வந்து குருத்துப் பார்க்கிற அந்தப் பெண்ணைக் கூப்பிடுங்கள் என்று ஜேம்ஸ் அவரிடம் வந்து கேட்டாராம். எஸ்தர் ஊரில் இல்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தெற்கே ஏதோ தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். ஜேம்ஸுக்கு என்ன சொல்லட்டும் என்று பிளெசிங்ஸ் கேட்டிருந்தார்.

ஜேம்ஸ் வீட்டிலும் பிள்ளைகள் சாப்பிட வேண்டும். பொறுமையாக, ஒவ்வொன்றாகச் சொல்லி, குரலில் பதிவு செய்து அனுப்பினேன். விடியலில் போங்கள், இலையைத் திருப்பிப் பாருங்கள், முட்டையை நசுக்குங்கள், குருத்தில் மணலும் சாம்பலும் போடுங்கள், மருந்து அடித்தே ஆக வேண்டும் என்றால் மாலையில் அடியுங்கள் என்றெல்லாம் சொன்னேன். சில வாரங்கள் கழித்து ஒரு படம் வந்தது. ஆளுயரப் பயிருக்கு நடுவில் ஜேம்ஸ் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அமாயிக்கு நன்றி சொல்லச் சொன்னார் என்று பிளெசிங்ஸ் எழுதியிருந்தார். பயிருக்குப் பின்னால் தெரிந்த வரப்பை எனக்கு அடையாளம் தெரிந்தது, அது எஸ்தரின் வயல்.

எஸ்தரின் எண் இருந்தால் அனுப்புங்கள் என்று கேட்டேன். அவளிடம் போன் கிடையாது என்று பதில் வந்தது.